உங்களுக்குத் தெரியுமா? சென்னை வெயிலை அடக்கும் கடற்காற்று

கத்திரி வெயிலில் நாம் திட்டுவதெல்லாம் சூரியனைத்தான். ஆனால் சென்னையில் வெப்பம் 37 டிகிரியோடு நிற்குமா, 41-ஐத் தாண்டுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கடற்காற்று நுழையும் நேரம்.

தரை சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான். தரைமேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்கு வங்கக்கடல் காற்று வருகிறது. நண்பகலிலேயே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வீசும் வறண்ட தரைக்காற்று பலமாக இருந்தாலோ, கடற்காற்றை வாசலிலேயே மறித்துவிடும், மாலைவரை அனல்தான். 2003 மே இறுதியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரிகூடப் பதிவானது.

மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டியைக் கவனியுங்கள். கிழக்கு நோக்கிப் பறந்தது சட்டெனத் தொய்ந்து, பிறகு மேற்குப் பக்கம் உப்பினால் காற்று மாறிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே சூடு சில டிகிரி இறங்கும். கசகசப்பு ஏறும், அது வேறு கதை! கடற்காற்று மெரினா பக்கம் முதலில் வரும். மீனம்பாக்கம் காத்திருக்க வேண்டும்.

தரைக்காற்றும் கடற்காற்றும் மோதுமிடத்தில் ஈரக்காற்று மேலெழும்பி இடிமேகம் திரளும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சில கோடை மாலைகளில் திடீர் மழை கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.