அட்டன்பரோ: அரிதாகிப்போன ஒரு குடும்பப்பெயரின் வரலாறு

மகாத்மா காந்தியின் வாழ்க்கையை 1982இல் திரைப்படமாக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவையும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக விலங்குகளையும் தாவரங்களையும் தொலைக்காட்சி வழியே உலகத்துக்குக் காட்டிவரும் அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோவையும் கேள்விப்படாத தமிழ் வாசகர்கள் குறைவாகவே இருப்பர். இந்தப் புகழின் காரணமாக, அட்டன்பரோ என்பது இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. 1990களின் இடைப்பகுதியில் ஸ்மித் என்ற குடும்பப்பெயரை உடையவர்கள் பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்தனர். அட்டன்பரோக்களோ சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும் சிறு கூட்டம். அவர்களிலும் பெரும் பகுதியினரின் வேர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்காம்ஷயர், டெர்பிஷயர் என்னும் இரு மாவட்டங்களில் உள்ளது.

இங்கிலாந்தில் குடும்பப்பெயர் என்ற வழக்கமே ஒப்பளவில் பிந்தியது. 1066இல் நார்மானியர் படையெடுத்து ஆட்சியைக் கைப்பற்றும்வரை பெரும்பாலான ஆங்கிலேயர்கள் ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தனர். அதன் பின்னர் நிலவுடைமையாளர்களிடம் தொடங்கிய குடும்பப்பெயர் வழக்கம், தென்பகுதியிலிருந்து வடக்கே மெல்லப் பரவி, 1400ஆம் ஆண்டுவாக்கில் உழவர்களையும் கூலியாட்களையும் பெரும்பாலும் எட்டிவிட்டது. ஒரே ஊரில் பத்து ஜான்களும் பன்னிரண்டு வில்லியம்களும் இருந்தால், வரி வாங்கவரும் அதிகாரிக்கு யார் எவர் என்று பிரித்தறிய ஏதோவொரு அடைமொழி வேண்டியிருந்தது. தொழில், தந்தையின் பெயர், உடலமைப்பையோ குணத்தையோ சுட்டும் பட்டப்பெயர், வாழும் இடம் ஆகிய நான்கிலிருந்தே அந்த அடைமொழிகள் பெரும்பாலும் பிறந்தன. கொல்லன் ஸ்மித் ஆனான், ஜானின் மகன் ஜான்சன் ஆனான். தந்தையோடு மறைய வேண்டிய அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டபோதுதான் அது குடும்பப்பெயர் என்ற தகுதியைப் பெற்றது.

அட்டன்பரோ இடத்தால் வந்த பெயர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகை இடம் என்பதில்தான் இரண்டு விளக்கங்கள் நிலவுகின்றன. முதல் விளக்கத்தின்படி இப்பெயர் ஒரு சொற்றொடர். இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘அந்த இன்னதன் அருகே’ என்று பொருள். ‘பரோ’ என்பது ‘புர்ஹ்’ என்ற பழஞ்சொல்லின் பிற்கால வடிவம். கோட்டையருகே அல்லது பெரிய வீட்டருகே குடியிருந்தவன் என்பது இவ்விரண்டும் சேர்ந்து தரும் பொருளாகும். இந்த ‘அட்டன்’ பல பெயர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆஷ் மரத்தருகே வசித்தவனைக் குறித்த ‘அட்டன் ஆஷ்’ என்ற தொடரில், முதற்சொல்லின் இறுதி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு நாஷ் என்ற குடும்பப்பெயரை உருவாக்கியது. ஓக் மரத்தருகே வசித்தவர்கள் அதே வழியில் நோக்ஸ் ஆயினர். இந்தியா விடுதலை பெற்றபோது பிரிட்டனின் பிரதமராக இருந்த அட்லியின் பெயரும் ‘புல்வெளியருகே’ என்று பொருள்படும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

புர்ஹ் என்பதைக் கோட்டை என்று மட்டும் கொள்வது அதன் பழைய பொருளைச் சுருக்கிவிடும். அரசன், பேராயர், பிரபு ஆகியோரின் வீட்டைச் சுற்றியிருந்த காப்புவேலியும் புர்ஹ் என்றே அழைக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் அரசனின் சட்டத்தில், பிறர் வேலியை உடைத்து நுழைந்தவனுக்கான தண்டம் வீட்டுக்காரனின் தகுதிக்கேற்ப வகுக்கப்பட்டுள்ளது: அரசனுடைய வேலிக்கு 120 ஷில்லிங், பேராயருடையதற்கு 90, சாதாரணக் குடியானவனின் வேலிக்கு வெறும் 5. குடியானவனுக்கான விதியில் புர்ஹ் என்ற சொல் வருவதில்லை. அங்கே வேறொரு எளிய சொல்லே உள்ளது. ஆகவே புர்ஹ் அருகே வாழ்ந்தவன் என்பதற்கு, பெரிய மனிதர் ஒருவரின் வளாகத்தை அண்டி வாழ்ந்தவன் என்ற பொருளும் உண்டு.

இரண்டாவது விளக்கம் இன்னும் எளிமையானது. நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, டிரெண்ட் ஆற்றங்கரையில், அட்டன்பரோ என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் இருக்கிறது. அரசர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் 1649இல் கையொப்பமிட்டவர்களில் ஒருவரும் ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்டன், 1611இல் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரின் தூய மரியன்னை தேவாலயத்தில்தான். ஊரின் பெயர் இடைக்கால ஆவணங்களில் ‘ஆட்’ என்ற ஒலியோடு தொடங்குவதால், அதை ஓர் ஆளின் பெயரோடு புர்ஹ் சேர்ந்த கூட்டுச்சொல் என்று ஊர்ப்பெயராய்வாளர்கள் விளக்குகின்றனர். அப்படியானால் ஊரின் பெயரில் ‘அருகே’ என்ற பொருள் இல்லை; குடும்பப்பெயர் அந்த ஊரிலிருந்து புறப்பட்டவனைக் குறிக்கிறது. ஊருக்குள்ளேயே இருப்பவர்களை ஊர்ப்பெயரால் பிரித்தறிய முடியாது என்பதால், ஊரைவிட்டு வெளியேறி அக்கம்பக்கத்தில் குடியேறியவனுக்கே அப்பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் இவ்விளக்கத்தின் ஒரு பகுதி.

இலக்கணமும் இரண்டாவது விளக்கத்துக்கே சற்றுத் துணை நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் புர்ஹ் பெண்பால் சொல். அதற்கு முன்னால் ‘அட்டர்’ என்ற வடிவம் வருவதே முறை. அட்டர்பரி என்ற இன்னொரு குடும்பப்பெயர் அந்த முறைப்படியே அமைந்துள்ளது. அட்டன்பரோவில் ‘அட்டன்’ இருப்பதற்கு, பால்வேறுபாடு மறைந்துபோன பிற்காலப் பேச்சைக் காரணம் காட்டலாம்; தொடரே அல்ல, ஊர்ப்பெயர் என்றும் முடிவு செய்யலாம். சொல்லாராய்ச்சி இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பெயரகராதியைப் புரட்டி, பொருளைக் கண்டு, அதையே தம் குலவரலாறாகக் கொண்டுவிடுவோர் இங்கிலாந்தில் ஏராளம். ஆனால் ‘கோட்டையருகே’ என்ற பொருள் நாடெங்கும் நூறு கோட்டைகளுக்குப் பொருந்தும். பெயர் நூறு இடங்களில் தனித்தனியே பிறந்ததா, ஓரிடத்தில் மட்டும் பிறந்ததா என்ற முதன்மையான கேள்விக்கு, பெயரை உடையவர்கள் எத்தனை பேர், எங்கே வாழ்ந்தனர் என்ற கணக்கே விடை தர வல்லது.

அந்தக் கணக்குக்கான சான்றுகள் இங்கிலாந்தில் வியக்கத்தக்க அளவில் எஞ்சியுள்ளன. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் பெருந்தொகையான மக்களின் பெயர்கள் உள்ளன. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது. எழுதியவர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியதால், அட்டன்பரோ, அட்டன்பரோவ், அட்டன்பர்ரோ என்று ஒரே குடும்பம் பல எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடக்கிறது. இவற்றைச் சேர்த்து எண்ணுவதா, தனித்தனியே எண்ணுவதா என்பதைப் பொறுத்து ஒரு பெயரின் அரிய தன்மையே மாறிவிடும். இன்றைய ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருப்பது, தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படியெடுத்த 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதனை 1998ஆம் ஆண்டின் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயரும் எந்தப் பகுதியில் செறிந்திருந்தது, நூறாண்டுகளில் எவ்வளவு நகர்ந்தது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்கள் வரைபடங்களாக்கினர். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நான்கு தொகுதிப் பெயரகராதி, 100 பேருக்கு மேல் தாங்கியுள்ள குடும்பப்பெயர்கள் அனைத்தையும் சேர்த்து 45,000க்கு மேற்பட்ட பெயர்களை விளக்குகிறது.

இவ்வரைபடங்கள் காட்டும் பொதுவான உண்மை, ரயிலும் தொழிற்சாலைகளும் வந்து ஐந்தாறு தலைமுறை கடந்த பின்னும் அரிய பெயர்கள் பிறந்த மண்ணைச் சுற்றியே வட்டமிடுகின்றன என்பதாகும். நாட்டிங்காம்ஷயரை விட்டு வெளியேறிய அட்டன்பரோக்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்ற பெயர் அடகுக்கடைகளோடு பெரிதும் தொடர்புடையதாக இருந்தது. இறந்தவரின் வெள்ளிப் பாத்திரங்களைச் சொத்து நிர்வாகி அவர்களிடம் அடகு வைத்ததால் எழுந்த ‘அட்டன்பரோ எதிர் சாலமன்’ வழக்கு, 1913ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்று, சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகிறது. ஆனால் தலைநகரில் ஒரு தொழிலின் அடையாளமாக விளங்கிய நிலையிலும், எண்ணிக்கையில் அப்பெயர் பெருகிவிடவில்லை.

ஒரு பெயர் ஏன் பெருகாமல் நிற்கிறது என்ற கேள்வி கணிதத்துக்குள்ளும் நுழைந்தது. உயர்குடிகளின் பெயர்கள் அழிந்துவருவதைக் கண்ட பிரான்சிஸ் கால்டன், 1873இல் இதை ஒரு கணக்காகவே இதழொன்றில் வெளியிட, ஹென்றி வாட்சன் என்ற மதகுரு விடையளித்தார். ஒவ்வோர் ஆணுக்கும் எத்தனை மகன்கள் பிறப்பர் என்பது தற்செயலானது. மகனில்லாதவனோடு அந்தக் கிளையில் பெயர் முடிந்துவிடும். சராசரியாக ஒருவனுக்கு ஒரு மகனோ அதற்கும் குறைவோ இருந்தால், போதிய காலத்தில் பெயர் அழிவது உறுதி. சராசரி ஒன்றைத் தாண்டினாலும் அழியும் வாய்ப்பு அடியோடு நீங்குவதில்லை. எல்லாப் பெயர்களும் அழிந்தே தீரும் என்று வாட்சன் முடிவுரைத்தது பிழை. ஆயினும் அந்தக் கணக்கு, பிற்காலத்தில் அணுக்கருப் பிளவின் தொடர்வினையையும் கொள்ளைநோயின் பரவலையும் விளக்கப் பயன்பட்ட ஒரு கணிதக் கிளைக்கு வித்தாயிற்று. குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுவந்த அதே நூற்றாண்டில், 1348இலும் 1349இலும் பரவிய கறுப்புக் கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலானோரைக் கொன்றது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், புதிதாக முளைத்த பெயர்களில் எத்தனை ஓரிரு தலைமுறையிலேயே கருகியிருக்கும் என்பது விளங்கும்.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க, கால்டன் காலத்தில் இல்லாத ஒரு கருவி பின்னர் கிடைத்தது. ஆண்களின் உயிரணுக்களில் உள்ள ஒய் குரோமோசோம், குடும்பப்பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வது. தலைமுறைகள் கடக்கையில் அதில் மிகச் சிறு மாற்றங்களே ஏற்படும். ஒரே பெயருள்ளவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால், அவர்களின் ஒய் குரோமோசோம்களும் ஒத்திருக்க வேண்டும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகிய மரபியலாளர்கள், 40 பிரிட்டானியக் குடும்பப்பெயர்களை உடைய 1,678 ஆண்களின் மாதிரிகளை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மித்களிடையே கண்ட ஒற்றுமை, தெருவில் போகும் எந்த இருவருக்கும் இடையே இருப்பதைவிட அதிகமாக இல்லை. கொல்லர்கள் ஊருக்கு ஊர் இருந்ததால் இதில் வியப்பில்லை. அட்டன்பரோக்களிலோ 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒரே வகையான, அல்லது ஏறக்குறைய ஒரே வகையான ஒய் குரோமோசோமைப் பெற்றிருந்தனர். அதாவது, இன்றுள்ள அட்டன்பரோ ஆண்களில் பெரும்பாலோர், குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற காலத்துக்குப் பின் வாழ்ந்த ஒரே ஆணின் வழித்தோன்றல்கள்.

எஞ்சியோர் போலிகள் என்று இதற்குப் பொருளில்லை. மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த குழந்தை, தத்தெடுப்பு, மனைவியின் சொத்தோடு அவள் குடும்பப் பெயரையும் கணவன் ஏற்பது எனப் பல வழிகளில் பெயர் ஒரு பக்கமும் குருதி மறுபக்கமும் பிரியும். இத்தகைய பிரிவுகள் தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று முதல் சில வரை நேர்ந்தாலே, இருபது தலைமுறைகளில் அவை கணிசமாகச் சேர்ந்துவிடும். அதே பல்கலைக்கழகத்தின் அகழாய்வாளர்கள் 2012இல் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்டு அரசரின் எலும்புகளைக் கண்டெடுத்தபோது, ஆண்வழி உறவினர்களின் ஒய் குரோமோசோம் அவருடையதோடு பொருந்தவில்லை என்பதையும், பெண்வழிச் சான்றே அடையாளத்தை உறுதிசெய்தது என்பதையும் 2014இல் அறிவித்தது டூரி கிங்கின் குழுதான். அரசகுலத்திலேயே நேர்ந்தது குடியானவர் வீட்டில் நேராதிருக்க நியாயமில்லை.

இதைவிடப் பெரியதோர் எச்சரிக்கையும் அந்த ஆய்வில் உண்டு. இன்றுள்ளோர் ஒருவர் வழி வந்தவர்கள் என்பதால், தொடக்கத்திலும் ஒருவர்தான் அப்பெயரைப் பெற்றார் என்று முடிவுகட்ட இயலாது. 14ஆம் நூற்றாண்டில் ஊரைவிட்டு வெளியேறிய நான்கைந்து குடும்பங்கள் அட்டன்பரோ என்று அழைக்கப்பட்டு, மற்றவை கால்டன் கணக்கின்படி ஆண்வாரிசின்றி மறைய, ஒன்று மட்டும் தப்பித் தழைத்திருந்தாலும் இன்றைய மரபணுப் படம் இப்படியேதான் தோன்றும். பெயர் அரிதாக இருப்பதும், அதை உடையவர்கள் உறவினராக இருப்பதும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள். அரிய பெயர் என்பது குறைவாக விதைக்கப்பட்டது என்பதைவிட, மிகுதியாக இழக்கப்பட்டது என்பதே பல நேர்வுகளில் பொருத்தமான விளக்கமாகும்.

ஆய்வு நடந்த பல்கலைக்கழகத்துக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதுதான், எனினும் குறிப்பிடத்தக்கது. ரிச்சர்ட், டேவிட் ஆகியோரின் தந்தை பிரெடரிக் அட்டன்பரோ, பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரிக்கு 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்தார். பிள்ளைகள் வளர்ந்ததும் அந்த வளாகத்தில்தான். பிரெடரிக் இளமையில் ஒரு பகுதியைக் கழித்த ஸ்டேபிள்ஃபோர்டு, அட்டன்பரோ சிற்றூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது, அரிய பெயர்கள் வெகுதூரம் நகர்வதில்லை என்ற கருத்துக்குக் கைமேல் சான்று. புர்ஹ் வேலியை உடைத்தவனுக்கு 120 ஷில்லிங் தண்டம் விதிக்கும் பழஞ்சட்டங்களை மொழிபெயர்த்துப் பதிப்பித்து 1922இல் நூலாக வெளியிட்டவரும் இவரே. சிற்றூரில் சரளைக்கல் தோண்டிய பள்ளங்கள் நீர்நிலைகளாகி, பறவைகள் வந்து தங்கும் இயற்கைக் காப்பகமாக 1966இல் மாறியபோது, அதைத் திறந்துவைக்க அழைக்கப்பட்டவர் டேவிட் அட்டன்பரோ.

மனிதர்களிடையே பெருகாத அப்பெயர், உயிரியல் பெயர்ப்பட்டியலில் மட்டும் வேகமாகப் பரவிவருகிறது. நியூகினியாவின் முள் எறும்புண்ணி ஒன்று, பிலிப்பைன்ஸின் மலையுச்சியில் வளரும் பூச்சியுண்ணும் குடுவைச் செடி ஒன்று, இங்கிலாந்தில் புதைபடிவமாகக் கிடைத்த நீண்ட கழுத்துக் கடலூர்வன ஒன்று உட்படப் பல உயிரினங்களுக்கு டேவிட்டை முன்னிட்டு அப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. மக்களிடையே அது எவ்வளவு நகர்ந்துள்ளது என்பதை அறிவதற்கோ பொறுமை வேண்டும்: கணக்கெடுப்புத் தாள்கள் நூறாண்டு கழித்தே வெளியிடப்படுகின்றன, 1931ஆம் ஆண்டின் தாள்கள் 1942இல் தீயில் எரிந்தன, போரின் காரணமாக 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே 1921க்கு அடுத்தபடியாக ஆய்வாளர்கள் கைக்கு வரவிருப்பது 1951ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு. அது 2052இல் வெளியாகும்.