உறங்கி எழுந்த மடிக்கணினி

ஆய்வு மாணவி ஒருவரின் வாய்மொழித் தேர்வை இணையவழியில் நடத்த வேண்டியிருந்தது. சற்று நேரம் மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை அடையாளமே மறைந்திருந்தது. கைப்பேசி வழியே ஒருவாறு தேர்வை முடித்தேன். மறுநாள், 'மதர்போர்டை மாற்ற வேண்டும்' என்றார் பழுதுபார்ப்பவர். அவர் கேட்ட தொகை என்னைத் தயங்கவைத்தது.

கணினி உறங்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க வைஃபை அட்டையும் அணைக்கப்படுகிறது. கணினி விழிக்கையில், அந்த அட்டையை இயக்கும் 'டிரைவர்' மென்பொருள் அதை எழுப்பத் தவறினால் இணைப்பு அற்றுப்போகும். அட்டை பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது 'ஷட் டவுன்' அன்று, 'ரீஸ்டார்ட்'. விண்டோஸ் 8 (2012) முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி, அணைத்த பின்னும் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து மீட்கிறது. 'ரீஸ்டார்ட்' புதிதாகத் தொடங்குகிறது. அடுத்து, 'டிவைஸ் மேனேஜர்' சென்று, வைஃபை அட்டைக்குரிய 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருந்தால், மின்சேமிப்புக்காக அட்டையை அணைக்க அனுமதிக்கும் குறியை நீக்க வேண்டும். பின்னர், தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை நிறுவலாம். இவையும் பலிக்காவிடில், பல மடிக்கணினிகளில் வைஃபை அட்டையை மட்டும் தனியே மாற்ற இயலும்.

குறியை நீக்கியதும் என் சிக்கல் தீர்ந்தது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை பிறழ்வதை, பழைய கார்களை எடுத்துக்காட்டி 1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார். அதை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்த நானே, பழுதுபார்ப்பவர் முன் அறியாதவனாக நின்றேன். பணப்பையைத் திறக்குமுன் செலவில்லாத வழிகளை முயன்று பார்ப்பதே சிக்கனம்.