மருந்து விவரத்தைத் திரும்பச் சொல்லும்படி நாங்கள் கேட்பது ஏன்?

“மருத்துவமனையில் தரும் தாள்களைப் படித்துப் புரிந்துகொள்ளப் பிறர் உதவி தேவைப்படுமா?” என்று செவிலியர்கள் உங்களிடம் கேட்பதுண்டு. மருந்து பெறும்போது, “இதை வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?” என்றும் கேட்கிறோம். இவை உங்கள் படிப்பை அளக்கும் தேர்வுகள் அல்ல. நோய், மருந்து, பரிசோதனை பற்றிய செய்திகளைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறனை ‘நலவாழ்வு எழுத்தறிவு’ என்பர். அதனை அறிந்து, எங்கள் விளக்கத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளவே கேட்கிறோம்.

நன்கு படித்தவர்களும் மருத்துவச் சொற்களில் தடுமாறுவதுண்டு. சளிப் பரிசோதனையில் காசநோய் ‘நெகட்டிவ்’ என்றால், அந்தச் சளியில் கிருமி காணப்படவில்லை என்று பொருள். அதைத் தீய செய்தி என எண்ணிக் கலங்குவோர் உண்டு. சீட்டில் ‘1-0-1’ என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. சிறு தேக்கரண்டி 5 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி. கரண்டி மாறினால் குழந்தைக்கு மும்மடங்கு மருந்து சென்றுவிடும்.

படிக்க முடிவது வேறு, செய்ய முடிவது வேறு. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ‘இரண்டு மாத்திரைகள், நாளொன்றுக்கு இருமுறை’ என்ற குறிப்பை, எழுத்தறிவு குறைந்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளுக்குரிய நான்கு மாத்திரைகளைச் சரியாக எடுத்துக் காட்டியவர்கள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரே. தலையசைப்பை மட்டும் நம்பாமல், சொல்லியும் செய்தும் காட்டும்படி நாங்கள் வேண்டுவது இதனால்தான். இன்சுலின் ஊசி போடுவோரை எங்கள் முன்னிலையில் ஒருமுறை அளவெடுத்துக் காட்டச் சொல்வதும் இதற்காகவே. நீங்கள் சொல்வது மாறுபட்டால், வேறு சொற்களில் மீண்டும் விளக்குவது எங்கள் கடமை.

உங்களிடம் நாங்கள் வேண்டுவன:

• வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரையே உடன் அழைத்து வாருங்கள்.
• மூக்குக் கண்ணாடியையும், இப்போது சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்.
• எனக்கு என்ன நோய், நான் என்ன செய்ய வேண்டும், அது ஏன் தேவை என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னரே புறப்படுங்கள்.
• படிக்க இயலாவிட்டால் தயங்காமல் கூறுங்கள். படம் வரைந்தும், மாத்திரைப் பட்டையில் குறியிட்டும் தருவோம்.

“புரியவில்லை” என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைச் சொன்னால்தான் மருந்து உரிய அளவில், உரிய நேரத்தில் உங்களைச் சேரும்.