வளைவில் வழுக்கும் பின் சக்கரம்

மாட்டு வண்டியும் மிதிவண்டியும் சென்றுவந்த நம் கிராமச் சாலைகளில் இன்று மோட்டார் சைக்கிள் ஓடாத நேரமே இல்லை எனலாம். பால் கேனைச் சங்கத்தில் சேர்க்கவும், உர மூட்டையை வயலுக்குக் கொண்டு செல்லவும், குழந்தைகளைப் பள்ளியில் விடவும் அதுவே துணை. இத்துணை பயன் தரும் வாகனத்தைக் கிளப்பவும் நிறுத்தவும் கற்றுத் தருவோர் பலர் உளர். ஆனால், வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கினால் என்ன செய்வது என்பதைக் கற்றுத் தருவோர் மிகச் சிலரே. ஆகவே அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பிடிப்பின் அளவு

டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்தச் சிறிய இடத்தில் கிடைக்கும் பிடிப்பே வண்டியை நகர்த்துகிறது, நிறுத்துகிறது, திருப்பவும் செய்கிறது. ஒரே மடை நீரை இரு வாய்க்கால்களுக்குப் பகிர்ந்து விடும்போது, ஒன்றில் அதிகம் பாய்ந்தால் மற்றொன்றில் குறையும் அல்லவா? பிடிப்பும் அவ்வாறே. வளைவில் திரும்புவதற்குப் பெரும்பகுதி செலவாகும் வேளையில், பிரேக்கையோ ஆக்சிலேட்டரையோ கடுமையாக இயக்கினால், மிச்சமிருக்கும் பிடிப்பு போதாமல் சக்கரம் வழுக்குகிறது.

இதில் வேகத்தின் பங்கு பெரிது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 220 கிலோ என்று கொள்வோம். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், சுமார் 28 கிலோ எடைக்கு ஒப்பான பக்கவாட்டுப் பிடிப்பு போதும். அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலோ சுமார் 110 கிலோ தேவைப்படும். வேகம் இருமடங்கானால் தேவை நான்மடங்காகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உலர்ந்த தார்ச்சாலை இதைத் தாங்கிவிடும். மணல் படர்ந்த சாலை தாங்காது.

வழுக்குவதன் காரணங்கள்

முதலாவது, வளைவுக்குள் நுழைந்த பிறகு அஞ்சிப் பின் பிரேக்கை அழுத்தி மிதிப்பது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பின் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறைகிறது. அது சுழலாமல் எளிதில் நின்றுவிடுகிறது. சுழலாத சக்கரத்துக்குத் திசை தெரியாது. அது வளைவின் வெளிப்புறம் நோக்கி இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, வண்டி சாய்ந்திருக்கும்போதே ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குவது. மூன்றாவது, இறக்கத்தில் கியரைக் குறைத்துக் கிளச்சைத் திடீரென விடுவது. கொண்டை ஊசி வளைவுகள் 70 கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற மலைப்பாதைகளில் செல்வோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நான்காவது, தேய்ந்த டயரும், காற்றழுத்தக் குறைவும், பின்னால் அளவுக்கு மீறி ஏற்றிய பாரமும். ஐந்தாவது, சாலையில் கிடக்கும் மணல், சேறு, சாணம், எண்ணெய், தானியம் ஆகியவை. முதல் மழை பெய்யும் நேரத்தில், சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து மேலும் வழுக்கும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் பிடிக்கையில் சக்கரம் நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு. மேலும், ஆக்சிலேட்டரை முறுக்கியதால் வரும் வழுக்கலை அது தடுக்காது. எனவே, அதனை நம்பி விரைதல் தகாது.

வழுக்கத் தொடங்கினால்

பதற்றமே முதல் எதிரி. கைகளை இறுக்கிக்கொள்ளாமல் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்பக்கம் வலப்புறம் சென்றால் முன் சக்கரமும் வலப்புறமே திரும்ப முயலும்; வண்டி தன்னை நேராக்கிக்கொள்ளும் இயல்பு அது. அதைத் தடுக்கக் கூடாது. கண்கள் பள்ளத்தையோ மரத்தையோ நோக்காமல், நாம் செல்ல வேண்டிய வழியை நோக்க வேண்டும்.

ஆக்சிலேட்டரால் வழுக்கினால், அதைச் சட்டென்று மூடாமல் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். கிளச்சை விட்டதால் வழுக்கினால், உடனே கிளச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின் பிரேக்கால் வழுக்கத் தொடங்கினால், அந்தத் தொடக்கத்திலேயே மிதியைத் தளர்த்த வேண்டும். ஆனால், பின்பக்கம் ஏற்கெனவே வெகுவாக விலகிவிட்டதாயின், பிரேக்கைத் திடீரென விடக் கூடாது. சக்கரம் மீண்டும் சாலையைப் பற்றும் அக்கணத்தில் வண்டி எதிர்ப்புறம் துள்ளி, ஓட்டுபவரைத் தூக்கி எறியும். வழுக்கி விழுவதைவிட இதுவே கொடியது. அந்நிலையில் மிதியை அப்படியே வைத்து வண்டியை நிற்கவிடுவதே மேல்.

முன் பிரேக்கை அப்போது இறுகப் பிடித்தல் ஆகாது. காலை ஊன்றித் தாங்கவும் முயலக் கூடாது. வண்டியின் அடியில் கால் சிக்கிக்கொள்ளும். விழுவது உறுதியாயின் வண்டியை விட்டுவிட வேண்டும். வண்டியைப் பழுது பார்க்கலாம். உயிரை மீட்க இயலாது.

வருமுன் காத்தல்

மேற்கூறிய யாவும் ஒரு நொடிக்குள் நிகழ்வன. ஆதலால் வழுக்காமல் காப்பதே உண்மையான திறமை. அதன் விதி எளியது: வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போது, வேகத்தைக் குறைக்க வேண்டும், கியரையும் அங்கேயே மாற்ற வேண்டும், வளைவுக்குள் சீரான வேகத்தில் செல்ல வேண்டும், வண்டி நிமிர்ந்த பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும். டயரின் காற்றை வாரம் ஒரு முறை சோதிப்பதும், பாரத்தை இருபுறமும் சமமாகக் கட்டுவதும் அவசியம். தலைக்கவசம் ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஓட்டுபவரின் கவனம் மட்டும் போதாது. சாலையும் ஒத்துழைக்க வேண்டும். சேறடித்துத் திரும்பும் டிராக்டர் சாலையில் உதிர்த்த மண், கட்டட வேலைக்கு வளைவோரம் கொட்டிய மணல், சாலையில் பரப்பிய கேழ்வரகு, கொள்ளு, உளுந்துக் கதிர்கள் ஆகிய ஒவ்வொன்றும் அவ்வழியே வருபவரை வீழ்த்தக் கூடியவை. இரவில் இவை கண்ணுக்கும் புலப்படா. தானியத்தைச் சாலையில் காய வைப்பவர் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். களம் இல்லாமையால் அவ்வாறு செய்கிறார். எனவே, உலர்களம் இல்லாத ஊர்களில் அதனை அமைக்க ஊராட்சி முற்பட வேண்டும். உள்ள களங்களைப் பழுது பார்த்து, அறுவடைக் காலத்தில் முறை வைத்துப் பயன்படுத்தச் செய்ய வேண்டும்.

ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் தம் வார்டில் உள்ள வளைவுகளை மாதம் ஒரு முறையேனும் நேரில் பார்வையிடுதல் நலம். மணலைப் பெருக்கி அகற்றுவது, பார்வையை மறைக்கும் சீமைக்கருவேல் புதரை வெட்டுவது, குழியை மூடுவது ஆகியவற்றைச் செய்யலாம். ஊராட்சிச் சாலையாயின் ஊராட்சியே செய்யட்டும். ஒன்றியச் சாலையாயின் ஒன்றியத்துக்கும், நெடுஞ்சாலையாயின் அத்துறைக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கட்டும். கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுவதும் தகும்.

வளைவில் விழுபவர் வேற்றூரார் அல்லர். பெரும்பாலும் நம் ஊர்ப் பால்காரரும், கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளையுமே. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவர் கடமை. வளைவைத் துப்புரவாக வைப்பது ஊரார் கடமை. இவ்விரண்டும் நிறைவேறுமாயின், காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.