சுவரொட்டி வந்தது, விளையாட்டு வரவில்லை

“எப்போது வெளிவரும்?” என்று படவரியில் யாரோ கேட்டிருந்தார்கள். எங்கள் நால்வரிடமும் பதில் இல்லை.

கெலுகோரில், பல்கலைக்கழக விடுதி அறையில், இரண்டு மாதங்களாக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கி வந்தோம். உருவாக்கினோம் என்பதைவிட அறிவித்தோம் என்பதே சரி. சுவரொட்டி தயார், முன்னோட்டக் காணொளியும் தயார். நாயகன் மட்டும் இரண்டடி நடந்தால் சுவருக்குள் புகுந்துவிடுவான்.

அந்த வாரம்தான் ‘பேண்டர்ஸ்நேட்ச்’ பார்த்தேன். நெட்பிளிக்ஸில் 2018-இல் வந்த படம். கதை 1984 ஜூலை 9-ஆம் நாள் தொடங்குகிறது. சும்மா வைத்த தேதியல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ‘இமேஜின் சாஃப்ட்வேர்’ என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தை நீதிமன்றம் மூடிய நாள் அது. அவர்கள் வெளியிடாமலே போன ஒரு விளையாட்டின் பெயர்தான் பேண்டர்ஸ்நேட்ச்.

இமேஜினின் ஆயுள் இரண்டே ஆண்டு. பக்-பைட் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் பட்லரும் டேவிட் லாசனும் 1982-இல் அதைத் தொடங்கினார்கள். லாசன் எழுதிய ‘ஆர்கேடியா’ சக்கைப்போடு போட்டது. அப்போதெல்லாம் வீட்டுக் கணினி விளையாட்டுகள் ஒலிநாடாவில்தான் வரும். விலை ஐந்தாறு பவுண்டு. பணம் கொட்டியது, பகட்டான கார்கள் வந்தன. யூஜின் எவான்ஸ் என்ற பதின்ம வயது நிரலாளர் ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பாதிப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அது ஊதிப் பெருக்கிய கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்தச் செய்தியைக் காட்டி அம்மாவிடம் கணினி கேட்டார்களோ!

1983 கிறிஸ்துமஸ் சமயத்தில், போட்டியாளர்களுக்கு நாடா கிடைக்கக்கூடாது என்று ஒரு பெரிய பிரதியெடுப்பு ஆலையின் நேரத்தை இமேஜின் முன்பதிவு செய்து வைத்தது. முடிவில் விற்காத நாடாக்கள் அவர்கள் தலையிலேயே விழுந்தன.

அடுத்து ‘மெகா கேம்’ அறிவிப்பு. பேண்டர்ஸ்நேட்ச், சைக்லாப்ஸ் என்று இரண்டு. அன்றைய ஸ்பெக்ட்ரம் கணினியின் நினைவகம் 48 கிலோபைட்தான். இன்று ஒரு புலனப் படத்துக்கே அது போதாது. அதனால் கூடுதல் கருவி ஒன்றையும் சேர்த்து, ஏறக்குறைய 40 பவுண்டுக்கு விற்கத் திட்டமிட்டார்கள். விளம்பரத்தில் விளையாட்டின் படம் இல்லை. அதை எழுதிக்கொண்டிருந்தவர்களின் படம்தான் இருந்தது. இதைப் படித்தபோது எங்கள் சுவரொட்டி என் கண்முன் வந்து நின்றது.

விளம்பரம் போட்ட பத்திரிகைகளுக்கே பாக்கி சேர்ந்தது. வெற்றிக் கதையைப் படம்பிடிக்க வந்த பிபிசி குழுவின் கேமராவில், பொருள்களைப் பறிமுதல் செய்ய அதிகாரிகள் வந்த காட்சி பதிவானது.

இமேஜின் என்ற பெயரை ஓஷன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான். இமேஜினின் நிர்வாகிகளில் ஒருவரான இயன் ஹெதரிங்டன், அதே லிவர்பூலில் ‘சிக்னோசிஸ்’ தொடங்குவதில் பங்கெடுத்தார். அதன் முதல் வெளியீடான ‘பிரட்டாக்கஸ்’, பேண்டர்ஸ்நேட்சின் மிச்சத்திலிருந்து பிறந்தது. 1993-இல் சோனி அந்த நிறுவனத்தை வாங்கியது. 1995-இல் பிளேஸ்டேஷனுக்கு ‘வைப்அவுட்’ வந்தது அங்கிருந்துதான்.

மாமாக் கடையில் நண்பர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். சுவரொட்டி வரைந்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே கைப்பேசியை எடுத்துப் பதிவை நீக்கினான். எங்களைப் பின்தொடர்ந்தவர்கள் 212 பேர். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நேற்றிரவு மூன்று மணிக்கு நாயகன் முதன்முறையாகச் சுவரில் முட்டி நின்றான்.