நியூயார்க்கில் வேலையும் கூடுது, வேலையின்மையும் கூடுது: எப்படி?

நியூயார்க் நகரத்தின் மாதாந்திரப் புள்ளிவிவரங்களில் சில சமயம் வேலைகளும் கூடியிருக்கும், வேலையின்மை விகிதமும் கூடியிருக்கும். கணக்கு தப்பா? இல்லை. இவை தனித்தனிக் கணக்குகள்.

வேலை எண்ணிக்கை நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து வருவது. நியூஜெர்சியில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர் இதில் நியூயார்க் கணக்கு. வேலையின்மை விகிதத்துக்கு அடிப்படை வீடுகளில் எடுக்கும் சர்வே. அதே ஆள் அங்கே நியூஜெர்சி கணக்கு. சொந்தமா டாக்சி ஓட்டுறவர் முதல் கணக்கில் வரவே மாட்டார், இரண்டாவதில் வருவார்.

இன்னொன்று. பொதுவாக, கடைசி 4 வாரத்தில் வேலை தேடியிருந்தால்தான் 'வேலையில்லாதவர்'. தேடி அலுத்து விட்டவர் கணக்கிலிருந்தே போய்விடுவார். விகிதம் குறையும், அவருக்கு வேலை கிடைத்திருக்காது. நம்பிக்கை வந்து மறுபடி தேட ஆரம்பித்தால் விகிதம் ஏறும்!

அதனால விகிதம் குறைஞ்சதுன்னு படிச்சா, தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும் ஒருதடவை பார்த்துடுங்க.