மலையிலிருந்து கல்லூரிக்கு: இடைப்பட்ட மாதங்கள்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கல்லூரியில் சேரும் இளைஞருக்கு உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகை 1944-இல் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தொடங்கப்பெற்று, 1948-இல் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதலும், மாணவருக்கு 2024 முதலும் தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் வழங்கிவருகிறது. இவ்வளவு இருந்தும், சேர்ந்த பிள்ளைகளுள் சிலர் முதலாண்டு முடியுமுன்னரே ஊர் திரும்பிவிடுவதேன்? மாணவரிடையே பணிபுரியும் ஆயர்களும், அப்பணிக்கு ஆயத்தமாகும் இறையியல் மாணவர்களும் இதனைச் சற்று ஆராய்தல் நலம்.

இவர்கள் யார் என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. அட்டவணையில் இவர்களுக்குரிய பெயர் மலையாளி. கேரளத்தாரோடு இதற்குத் தொடர்பில்லை. மலையில் வாழ்வோர் என்ற அளவிலேயே பொருள். பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது வழிவழியாக அவர்கள் கூறும் வரலாறு. பெயரோடு கவுண்டர் என்னும் பட்டம் ஒட்டியிருப்பதால் சமவெளிச் சாதியாரோடு சேர்த்து எண்ணப்படுவதும் உண்டு. ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்த இம்மலை, நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்ற பின்னர், 1976-இல்தான் அரசின் நேர் நிர்வாகத்திற்கு வந்தது. இன்று கல்லூரிக்கு வரும் மாணவனின் பாட்டனார் ஜாகீர்தாருக்குக் கூலியின்றி உழைத்தவராயிருக்கக் கூடும்.

இதனை நினைவிற்கொண்டால் சாதிச் சான்றிதழின் சிக்கல் விளங்கும். பழங்குடியினருக்கான சான்றிதழைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலரே வழங்குகிறார். போலிச் சான்றிதழ்களைத் தடுக்கும் பொருட்டு, மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் ஆய்வுக் குழு முறையை வகுத்தது. நோக்கம் நியாயமானதே. ஆயினும் தந்தையின் பள்ளிச் சான்று எங்கே, பாட்டனாரின் பத்திரம் எங்கே என்று கேட்டால், பள்ளியே காணாத தலைமுறையின் பேரன் எதைக் காட்டுவான்? 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் விழுப்புரத்திற்கு அலையும் தொல்லையேனும் குறைந்தது.

சான்றிதழ் கிடைத்த பின்னரும் காத்திருப்பு முடிவதில்லை. கல்லூரியில் சேர்ந்த பின்னரே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இயலும். அது சரிபார்க்கப்பட்டு வங்கிக் கணக்கில் பணம் விழுவதற்கு மாதங்கள் ஆகலாம். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் தேர்வுக் கட்டணமும் அதுவரை பொறுத்திருப்பதில்லை. நவம்பர் மாதத்தில் பருவத் தேர்வு வருகிறது. கர்நாடகத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அப்பொழுதே தொடங்குகிறது. நாம் அறிந்த மாணவன் ஒருவன் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில் தன் தமையனோடு தோட்டத்திற்குப் போய்விட்டான். உதவித்தொகை பின்னர் வந்தது, அவன் வரவில்லை. கேட்க வேண்டிய தொகை மிகச் சிறியது. யாரிடம் கேட்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த நமக்கும் அது தெரியாமற்போயிற்று.

கூச்சமும் இதற்கொரு காரணம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அது நல்லதே. ஆனால் விடுதியில் ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் சாராயத்தைப் பற்றிக் கேட்கும் நகைச்சுவையாளருக்குப் பஞ்சமில்லை. அவ்வாறு கேட்கப்பட்டவன் அதே அறையில் கைமாற்றுக் கேட்கமாட்டான்.

மிஷன் போர்டிங்குகளில் உண்டு உறங்கிப் படித்தே நம்முள் பலருடைய குடும்பங்கள் தலையெடுத்தன. அத்தகைய விடுதிகளைப் புதிதாகக் கட்ட இன்று எல்லாச் சபைகளாலும் இயலாது, கட்டவேண்டுமென்பதும் இல்லை. நல்ல சமாரியன் உவமையில் சத்திரக்காரனைப் பற்றி நாம் அதிகமாகப் பிரசங்கிப்பதில்லை. மீதித் தொகை பின்னர் வரும் என்னும் வாக்கின்பேரில் காயம்பட்டவனை வைத்துப் பராமரித்தவன் அவனே. உதவித்தொகை வந்தவுடன் திருப்பித் தரத்தக்க சிறு கடன் நிதியொன்றை ஒரு சபை எளிதில் வைத்திருக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன்செல்லப் படித்த மூப்பர் ஒருவர் போதும். ஆராதனைக்கு வருவதை இவ்வுதவிக்கு விலையாக்கலாகாது. நாம் இதில் கண்டிப்பாயிருக்கிறோம், மலையிலுள்ள பெற்றோரும் அதைக் கவனிப்பார்கள்.

இம்மாவட்டத்துக் கல்லூரிகள் இப்பொழுது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. தேர்வுக் கட்டணம் செலுத்தவேண்டிய இறுதி நாளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறியலாம். அந்நாளுக்கு முந்திய வாரத்தில் ஆயர் ஒருமுறை விடுதிக்குச் சென்று, யார் யார் அறையில் இல்லை என்று விசாரித்து வருவாராக.